ஒட்டாகுவின் அறையும் காஸ்பிளேயரின் உடையும்

அனிமே எனப்படும் ஜப்பானிய அசைவூட்டப் படங்களின் ரசிகர்களைப் பற்றிச் செய்தி வெளியிடும்போது, கடந்த பல பத்தாண்டுகளாக ஊடகங்கள் பெரும்பாலும் இரண்டே படங்களைத்தான் காட்டி வந்திருக்கின்றன. ஒன்று, வீடியோ நாடாக்களும் மங்கா எனப்படும் சித்திரக்கதை இதழ்களும் கூரைவரை அடுக்கப்பட்டு வெளிச்சமே புகாத, தனித்து வாழும் ஓர் ஆணின் அறை. மற்றொன்று, நீல நிறத்திலோ இளஞ்சிவப்பிலோ விக் அணிந்து, தனக்குப் பிடித்த கதாபாத்திரத்தின் உடையில் கேமராவின் முன் நிற்கும் ஓர் இளம்பெண். முதல் படம் அச்சமூட்டுவதற்கும், இரண்டாவது படம் சுற்றுலாப் பயணிகளை அழைப்பதற்கும் பயன்பட்டன. ஒரே ரசிகர் கூட்டத்தைக் குறிக்கும் இந்த இரண்டு படங்களும் எப்படி உருவாயின, ஒன்றன் நிழல் மற்றொன்றின் மீது எப்படி விழுந்தது என்பதைப் புரிந்துகொள்ளாமல், காஸ்பிளே (கதாபாத்திரங்களைப் போல உடையணிதல்) ரசிகர்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட கடுமையான ஒழுங்குமுறைகளையோ, அரசின் திடீர்ப் பாராட்டு அவர்களுக்கு ஏன் முழு மகிழ்ச்சியைத் தரவில்லை என்பதையோ விளக்க முடியாது.

கற்பனைக் கதாபாத்திரங்களைப் போல உடுத்திக்கொண்டு ரசிகர் மாநாட்டுக்கு வரும் வழக்கம் ஜப்பானில் தோன்றியதன்று. 1939ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டில், ஃபாரஸ்ட் ஜே. ஆக்கர்மன், மிர்ட்டில் டக்ளஸ் என்ற இரு ரசிகர்கள் எதிர்கால மனிதர்களின் உடையில் வந்தார்கள். இருவரின் உடைகளையும் தைத்தவர் மிர்ட்டில் டக்ளஸ். ஆனால் அந்நிகழ்வு பின்னாளில் சொல்லப்பட்டபோதெல்லாம் ஆக்கர்மனின் பெயரே முன்னால் நின்றது. தைத்தவரின் பெயர் நெடுங்காலம் ஓரத்தில் கிடந்தது. இந்தத் துறையில் பெண்களின் உழைப்பு எல்லோர் கண்ணிலும் பட்டும் கணக்கில் ஏறாமல் போவது அன்றே தொடங்கிவிட்டது.

ஜப்பானில் ரசிகர்கள் பெருந்திரளாகக் கூடும் இடமாக அமைந்தது காமிக்கெட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் காமிக் மார்க்கெட். 1975 டிசம்பர் 21 அன்று டோக்கியோவில் ஓர் அரங்கில் 32 ரசிகர் குழுக்களும் ஏறத்தாழ 700 பார்வையாளர்களும் கூடியதே அதன் முதல் நிகழ்வு. ரசிகர்கள் தாங்களே எழுதி, வரைந்து, அச்சிட்ட இதழ்களைத் தங்களுக்குள் விற்றுக்கொள்வதற்கான சந்தை அது. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பள்ளிச் சிறுமிகளும் இளம்பெண்களும் என்பதைக் குறிப்பாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் ‘அனிமே வெறியர்’ என்றவுடன் மக்கள் மனத்தில் எழுந்த உருவத்துக்கும், அந்த உலகைக் கட்டி எழுப்பியவர்களுக்கும் இருந்த தொலைவு அவ்வளவு பெரியது. 1970களின் பிற்பகுதியில் இந்தச் சந்தையிலும் அறிவியல் புனைகதை மாநாடுகளிலும் கதாபாத்திர உடைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டத் தொடங்கின.

அந்த உடைகள் நகரத்தின் நடுவே, பொதுமக்கள் பார்வையில் வந்து நின்ற ஒரு நாள் 1981 பிப்ரவரி 22. ‘கண்டம்’ (Gundam) என்ற அனிமே தொடரின் முதல் திரைப்படம் வெளிவருவதற்குச் சில வாரங்களுக்கு முன், டோக்கியோவின் ஷின்ஜுகு ரயில் நிலையத்தின் கிழக்கு வாயிலுக்கு எதிரே இயக்குநர் தோமினோ யோஷியுகி பங்கேற்ற கூட்டத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் திரண்டார்கள். அனிமேவின் புதிய நூற்றாண்டு பிறந்துவிட்டது என்ற பிரகடனத்தை மேடையில் வாசித்தவர்கள், தொடரின் சார், லாலா ஆகிய கதாபாத்திரங்களாக உடையணிந்து வந்த இரண்டு இளம் ரசிகர்கள். அவர்களில் நகானோ மமோரு பிறகு எந்திர வடிவமைப்பாளராகவும் மங்கா ஓவியராகவும், கவமுரா மரியா குரல் நடிகராகவும் புகழ்பெற்றார்கள். கூட்டம் மேடையை நோக்கி முண்டியடித்தபோது தோமினோவே ரசிகர்களிடம் பேசி அமைதிப்படுத்த வேண்டியிருந்தது. அங்கே ஒருவருக்குக் காயம் ஏற்பட்டிருந்தாலும் பழி அந்த ஒருவரோடு நின்றிருக்காது. அனிமேவை நேசித்த ஒரு தலைமுறை முழுவதன் மீதும் விழுந்திருக்கும். பொதுவெளியில் எப்படி நடந்துகொள்கிறோமோ அதை வைத்துத்தான் நாம் நேசிக்கும் கலையும் மதிக்கப்படும் என்ற உணர்வு ரசிகர்களிடம் இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்கு இத்தகைய தருணங்களே காரணம் என்று நான் கருதுகிறேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1983 ஜூன் மாத இதழ்கள் இரண்டில் இந்த ரசிகர்கள் இருவேறு விதமாக எழுதப்பட்டார்கள். மை அனிமே இதழில் தகஹாஷி நொபுயுகி, கதாபாத்திர உடையணியும் பொழுதுபோக்கை ‘காஸ்பிளே’ என்ற பெயரில் வாசகர்களுக்கு உற்சாகத்தோடு அறிமுகப்படுத்தினார். அதே மாதம் மங்கா புரிக்கோ என்ற இதழில் நகமோரி அகியோ எழுதத் தொடங்கிய பத்தி, காமிக்கெட்டில் கூடிய இளைஞர்களின் தலைமுடியையும் மூக்குக்கண்ணாடியையும் உடற்கட்டையும் கேலி செய்து, அவர்களுக்கு ‘ஒட்டாகு’ என்று பெயரிட்டது. அந்தக் கேலிப் பட்டியலில் அனிமே கதாபாத்திரங்களின் உடையைப் போட்டுக்கொண்டு வருபவர்களும் இருந்தார்கள். அந்த இதழின் ஆசிரியரான ஓட்சுகா எய்ஜி அப்பத்தியைக் கண்டித்து விரைவில் நிறுத்திவிட்டார். ஆயினும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ரசிகர் உலகின் உள்ளிருந்தே பிறந்த இகழ்ச்சி அது என்பதுதான் இங்கே முக்கியமானது. வெளியுலகம் அதைப் பிறகே கையில் எடுத்தது.

எடுத்துக்கொண்ட விதம் கொடூரமானது. 1988, 1989 ஆண்டுகளில் டோக்கியோவிலும் சைத்தாமாவிலும் நான்கு சிறுமிகளைக் கொன்ற மியசாகி சுதோமு 1989 ஜூலையில் கைது செய்யப்பட்டார். அவர் அறையில் 5,763 வீடியோ நாடாக்கள் இருந்தன. நாடாக்களும் இதழ்களும் சுவரை மறைத்து நின்ற அந்த அறையின் படம் தொலைக்காட்சியில் மீண்டும் மீண்டும் காட்டப்பட்டது. நாடாக்களில் பெரும்பகுதி எல்லா வீடுகளிலும் பார்க்கப்பட்ட சாதாரணத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் பதிவுகளே என்ற செய்தி அந்தப் படத்தின் வேகத்தோடு போட்டியிட முடியவில்லை. கொலைகாரரின் மனநிலையை விளக்க வேண்டிய இடத்தில் அவருடைய அலமாரி விளக்கமாக வைக்கப்பட்டது. 1983இல் எதிரெதிரே நின்ற நகமோரியும் ஓட்சுகாவும், இந்தத் தலைமுறை முழுவதும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுவதைக் கண்டு, 1989இலேயே ஒன்றாக உட்கார்ந்து அதைப் பற்றி விவாதித்தார்கள்.

அக்காலத்தைப் பற்றி ரசிகர்களிடையே இன்றும் வழங்கும் ஒரு கதை உண்டு: காமிக்கெட் வாசலில் நின்ற தொலைக்காட்சி நிருபர் ஒருவர், இங்கே ஒரு லட்சம் மியசாகிகள் இருக்கிறார்கள் என்று சொன்னாராம். அப்படிச் சொன்ன காட்சியின் பதிவு எதுவும் இதுவரை வெளிவந்ததில்லை. அது வாய்வழியாகப் பரவிய கதை. ஆனாலும் இத்தனை பேர் அதை நம்பினார்கள், பல பத்தாண்டுகளாகத் திரும்பச் சொன்னார்கள் என்பதே அந்தத் தலைமுறை பட்ட காயத்தின் அளவைக் காட்டுகிறது. பள்ளியிலோ வேலையிடத்திலோ அனிமே பிடிக்கும் என்று சொல்வதையே பலர் நிறுத்திக்கொண்டார்கள்.

தொலைக்காட்சி காட்டிய அந்த அறைக்கு உரியவர் ஓர் ஆண். எனவே பொதுமக்களின் மனத்தில் ரசிகர் என்பவரும் ஆணாகவே பதிந்தார். காமிக்கெட்டின் தொடக்கத்தில் பெரும்பான்மையாக இருந்த பெண்களும், காஸ்பிளே செய்வோரில் பெரும்பாலோரான பெண்களும் அந்தச் சந்தேகப் படத்துக்குள் வரவே இல்லை. இதனால் அவர்கள் தப்பித்தார்கள் என்று நினைப்பது தவறு. ரசிகர்களாக அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போனார்கள். உடையணிந்து நின்றபோது மட்டும் படத்துக்குப் பொருளாகத் தெரிந்தார்கள்.

ஜப்பானிய காஸ்பிளேயின் விதிமுறைகளை இந்தப் பின்னணியில்தான் வாசிக்க வேண்டும். காமிக்கெட் 1996 முதல் டோக்கியோ பிக் சைட் வளாகத்தில், வழக்கமாக ஆகஸ்டிலும் டிசம்பர் இறுதியிலும் நடக்கிறது; 2019 டிசம்பரில் நான்கு நாள்களில் வந்தவர்கள் ஏறத்தாழ 7,50,000 பேர். அவ்வளவு பெரிய நிகழ்வில், வீட்டிலிருந்து கதாபாத்திர உடையில் புறப்பட்டு வரக் கூடாது, அதே உடையில் வீடு திரும்பவும் கூடாது என்பது அடிப்படை விதி. சக்கரப் பெட்டியில் உடையையும் விக்கையும் எடுத்துவந்து, உடைமாற்றும் அறைக்கான பதிவைச் செய்துகொண்டு, அங்கேயே மாற்றிக்கொள்ள வேண்டும். காவல்துறை, தீயணைப்பு, தற்காப்புப் படை போன்றவற்றின் உண்மையான சீருடைகளுக்கும், மற்றவர்களுக்கு இடையூறாகக்கூடிய பொருள்களுக்கும், உடலை அளவுக்கு மீறிக் காட்டும் உடைகளுக்கும் தடை அல்லது கட்டுப்பாடு உண்டு. படமெடுப்பவர் முதலில் அனுமதி கேட்க வேண்டும். ஒதுக்கப்பட்ட இடங்களிலேயே எடுக்க வேண்டும்.

இவற்றில் பல, பெருங்கூட்டத்தின் பாதுகாப்புக்கு எந்த நிர்வாகமும் செய்யக்கூடிய ஏற்பாடுகளே. ஆனால் ரயிலில் உடையோடு ஏறக் கூடாது என்பது கூட்ட நெரிசலைப் பற்றிய கவலை அன்று. வாடகைக்கு எடுத்த அரங்கை எந்த நேரத்திலும் இழக்கக்கூடும் என்பதை அறிந்த அமைப்பாளர்களின் முன்னெச்சரிக்கை அது. அந்தப் பயம் கற்பனையும் அன்று. 1991இல் ரசிகர் இதழ்களில் ஆபாசம் இருப்பதாக எழுந்த சர்ச்சையில், காமிக்கெட் அப்போது நடந்துவந்த மகுஹாரி மெஸ்ஸே அரங்கை இழந்தது. அண்டை வீட்டாரின் ஒரு புகார், செய்தித்தாளில் ஒரு தலைப்பு, அரங்க நிர்வாகத்தின் ஒரு மறுப்பு: இவை போதும், ஆயிரக்கணக்கானோரின் சந்திப்பு இல்லாமல் போய்விடும். எனவே ரசிகர்கள் ஒருவருக்கொருவர் காவலாயினர். விதியை மீறுபவரை வெளியார் கண்டிப்பதற்கு முன்பே சக காஸ்பிளேயர்கள் கண்டித்தார்கள். இந்தக் கட்டுப்பாட்டை நான் மதிக்கிறேன்; அது இல்லாமல் இந்த உலகம் பிழைத்திருக்காது. ஆயினும், சகித்துக்கொள்ளப்படுவதற்கு விலையாக ஒரு சமூகம் தன்னைத்தானே ஓயாமல் கண்காணிப்பது ஆரோக்கியமான நிலை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

சர்ச்சைகளைப் பற்றிய எழுத்துகள் பெருகியதால், இந்தக் கலையின் உழைப்பைப் பற்றிய எழுத்து குறைந்துபோயிற்று. அனிமேயில் வரும் உடை, வண்ணம் நிரப்பிய ஒரு கோட்டோவியம். அதில் தையல் எங்கே விழுகிறது, துணி கனமானதா மெல்லியதா, பின்புறம் எப்படி மூடுகிறது என்ற எதுவும் வரைந்தவருக்குத் தேவைப்படவில்லை. காஸ்பிளேயருக்கு அவை அனைத்தும் தேவை. திரையில் வெறும் சிவப்பாகத் தெரிவதைச் சாட்டினில் தைப்பதா பருத்தியில் தைப்பதா என்ற முடிவிலேயே அந்தப் பாத்திரத்தைப் பற்றிய அவருடைய வாசிப்பு அடங்கியிருக்கிறது. காற்றில் நிமிர்ந்து நிற்கும் கூர்மையான முடியை வெப்பம் தாங்கும் செயற்கை இழை விக்கை வெட்டி, சூடாக்கி, பசையிட்டு நிறுத்த வேண்டும். கவசங்களை நுரைப் பலகையில் வெட்டி, வளைத்து, உலோகம் போலத் தோன்றும்வரை அடுக்கடுக்காக வண்ணம் பூச வேண்டும். 1980களின் நடுவில் செயின்ட் செய்யா என்ற தொடரின் ரசிகர்கள் இதே வேலையை அட்டையிலும் பளபளப்பான தாளிலும் செய்துபார்த்தார்கள். 1995இல் தொடங்கப்பட்ட காஸ்பா போன்ற நிறுவனங்கள் ஆயத்த உடைகளை விற்கத் தொடங்கிய பிறகு தைக்கத் தெரியாதவர்களும் உள்ளே வர முடிந்தது, இது நல்லதே. ஆனால் தாமே செய்து முடித்த உடையைப் போட்டுக்கொண்டு, அதே தொடரின் மற்ற பாத்திரங்களாக வந்திருக்கும் தோழிகளோடு சேர்ந்து நின்று படமெடுக்கும் மகிழ்ச்சிதான் பலரை இன்றும் இதில் வைத்திருக்கிறது. அந்தப் படம் வெளியாரைக் கவர்வதற்காக எடுக்கப்படுவதன்று. அந்தத் தொடரை நேசிப்பவர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வதற்காக எடுக்கப்படுவது.

2000களில் காற்று திசைமாறியது. 2002இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் டக்ளஸ் மெக்ரே, ஜப்பானின் செல்வாக்கு இனி அதன் பண்பாட்டுக் கவர்ச்சியில் இருக்கிறது என்று எழுதிய கட்டுரை, பொருளாதாரத் தேக்கத்தில் இருந்த நாட்டின் அதிகாரிகளுக்குப் புதிய நம்பிக்கையைக் கொடுத்தது. 2003இல் ஐச்சித் தொலைக்காட்சி நிறுவனம் நகோயாவில் உலகக் காஸ்பிளே உச்சிமாநாட்டைத் தொடங்கியது. 2005இல், ஐச்சி உலகக் கண்காட்சி நடந்த ஆண்டில், அது நாடுகளுக்கிடையிலான போட்டியாக விரிந்தது. 2006 முதல் வெளியுறவு அமைச்சகம் ஆதரவளிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இருவர் கொண்ட அணி, தாமே செய்த உடையில், சிறு நாடகம் ஒன்றை மேடையேற்றும். இத்தாலி, பிரேசில், பிரான்ஸ், இந்தோனேசியா, மெக்சிகோ எனப் பல நாட்டு அணிகள் பட்டம் வென்றிருக்கின்றன. மங்கா வாசகர் என்று தம்மை வெளிப்படையாக அறிமுகப்படுத்திக்கொண்ட அசோ தாரோ முதலில் வெளியுறவு அமைச்சராகவும் 2008இல் பிரதமராகவும் ஆனார். 2016 ரியோ ஒலிம்பிக் நிறைவு விழாவில் பிரதமர் அபே ஷின்சோ, வீடியோ விளையாட்டு நாயகன் மாரியோவின் தொப்பியோடு அரங்கின் நடுவே தோன்றினார். முப்பது ஆண்டுகளுக்கு முன் கேலிக்குரியதாக இருந்த செயலை, நாட்டின் தலைவர் உலகத்தின் முன் செய்து காட்டினார்.

இந்த மாற்றத்தை வெற்றி என்று மட்டும் கொண்டாடுவது எளிது. உச்சிமாநாட்டு மேடை பல நாட்டு ரசிகர்களின் கைத்திறனை மதித்தது என்பதில் ஐயமில்லை; அந்த மதிப்பு அவர்களுக்கு முழுக்க உரியது. ஆனால் அரசின் சுவரொட்டிகள் எடுத்துக்கொண்டது உடையை மட்டுமே. ரசிகர் இதழ்கள், அவற்றில் வரும் காதல் கதைகள், பெண்கள் பெண்களுக்காக எழுதும் துணிச்சலான படைப்புகள், அவற்றின் மீதான தணிக்கைச் சண்டைகள் ஆகிய எதுவும் அந்தச் சுவரொட்டியில் இடம்பெறவில்லை. வாழ்க்கையிலும் பிளவு நீடித்தது. ஜப்பானிய காஸ்பிளேயர்கள் பெரும்பாலும் காஸ்பிளேக்கென்றே தனிப்பெயர் வைத்துக்கொண்டு, அந்தப் பெயர் அச்சிட்ட அட்டைகளை நிகழ்வுகளில் மாற்றிக்கொள்கிறார்கள். அலுவலகத்துக்கு அந்தப் பெயர் தெரியாது. நாடு பெருமைப்படும் கலையைச் செய்பவர் தம் மேலாளரிடம் அதை மறைக்கிறார் என்றால், பெருமைப்படுத்தப்பட்டது எது என்று கேட்காமல் இருக்க முடியாது.

2008இல் பழைய நிழல் மீண்டும் விழுந்தது. டோக்கியோவில் அனிமே கடைகள் நிறைந்த அகிஹாபாராவின் மையச் சாலை ஞாயிற்றுக்கிழமைகளில் வாகனங்களுக்கு மூடப்பட்டு, நடப்பவர்களுக்குத் திறந்துவிடப்படும். காஸ்பிளே உடையில் ஆடுவோர், அவர்களைச் சுற்றிப் படமெடுப்போர் எனத் திரண்ட கூட்டம் குறித்துக் கடைக்காரர்கள் முறையிட்டதால், அவ்வாண்டு வசந்த காலத்திலேயே காவல்துறை கெடுபிடியைத் தொடங்கியிருந்தது. ஜூன் 8 அன்று ஒருவர் அந்தக் கூட்டத்துக்குள் லாரியை ஏற்றி, பிறகு இறங்கிக் கத்தியால் குத்தியதில் ஏழு பேர் இறந்தார்கள். நடைச்சாலை மூடப்பட்டது, 2011 ஜனவரியில்தான் மறுபடி திறந்தது. இம்முறையும் ஒட்டாகு என்ற பேச்சு எழுந்தது. ஆனால் 1989ஐப் போல அது விளக்கமாக நிலைபெறவில்லை. கொலையாளி ஒப்பந்த முறையில் தொழிற்சாலைக்கு அனுப்பப்பட்ட தற்காலிகத் தொழிலாளி என்பதால், நிலையற்ற வேலையைப் பற்றிய விவாதமே மேலோங்கியது. இறந்தவர்கள் அந்தத் தெருவுக்கு விடுமுறை நாளைக் கழிக்க வந்தவர்கள் என்பதையும் நாடு பார்த்தது. ரசிகர்களைப் பற்றிய பார்வை முதிர்ந்ததற்கு இதைவிடத் தெளிவான அடையாளத்தை நான் அறியேன்.

முதிராமல் நின்ற இடம் கேமராவுக்கும் உடைக்கும் இடையிலான உறவு. ஜப்பானில் கமேக்கோ என்று அழைக்கப்படும் படப்பிடிப்பாளர்களில் நண்பர்களாக, கூட்டுக் கலைஞர்களாக இயங்குபவர்கள் மிகப் பலர். தரையோடு கேமராவைத் தாழ்த்தி அனுமதியின்றி எடுப்பவர்களும் உண்டு. அத்தகைய படம் இணையத்தில் பரவினால், கண்டனம் பெரும்பாலும் எடுத்தவரை நோக்கிப் போவதில்லை. இப்படி உடுத்தலாமா என்று பெண்ணை நோக்கியே வருகிறது. ரசிகர் உலகின் நற்பெயரைக் காக்கிறோம் என்ற வாதம் இங்கே நியாயத்தை இழக்கிறது. அமெரிக்காவில் இதற்கு எதிர்ப்புக் கிளம்பி, 2014இல் நியூயார்க் காமிக் கான் என்ற ரசிகர் மாநாட்டு வளாகத்திலேயே, காஸ்பிளே உடை தொடுவதற்கோ படமெடுப்பதற்கோ சம்மதம் ஆகாது என்ற அறிவிப்புப் பலகைகள் வைக்கப்பட்டன. பொறுப்பை உடுத்தியவரிடமிருந்து பார்ப்பவரிடம் மாற்றிய அந்தப் பலகை, எத்தனையோ ஆடை அளவு விதிகளைவிடப் பயனுள்ளது.

டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் கூடும் ஹாலோவீன் கூட்டம் இன்னொரு குழப்பத்தைச் சேர்த்தது. 2018இல் அங்கே வேடமிட்டுத் திரண்ட கூட்டத்தில் சிலர் ஒரு சிறு லாரியைக் கவிழ்த்தார்கள். 2019இல் தெருவில் மது அருந்துவதைக் கட்டுப்படுத்தும் விதி வந்தது. 2023இல் அப்பகுதியின் மேயர், ஹாலோவீனுக்கு ஷிபுயாவுக்கு வராதீர்கள் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். அந்தக் கூட்டத்துக்கும் காஸ்பிளே சமூகத்துக்கும் தொடர்பு குறைவு. ஆனால் தொலைக்காட்சியில் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. அதே நகரின் இகெபுகுரோவில் 2014 முதல் நடக்கும் ஹாலோவீன் காஸ்பிளே விழாவில், உடையோடு தெருவில் நடப்பதற்கு வட்டார நிர்வாகமும் கடைகளும் இடம் ஒதுக்கித் தந்திருக்கின்றன.

இன்றைய வாதம் பணத்தையும் உரிமையையும் பற்றியது. மாரியோ உடைகளோடு சிறு பந்தயக் கார்களைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்ட நிறுவனத்தின் மீது, மாரியோ விளையாட்டின் உரிமையாளரான நின்டெண்டோ தொடுத்த வழக்கில், 2018இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 1 கோடி யென்னும், 2020 ஜனவரியில் அறிவுசார் சொத்து உயர் நீதிமன்றம் 5 கோடி யென்னும் இழப்பீடு விதித்தன. அது ஒரு வணிக நிறுவனத்தின் வழக்கு. ஆயினும் அதற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், ஊதியம் பெறும் காஸ்பிளேயர்களுக்கான பதிப்புரிமை விதிகளை அரசு ஆலோசிக்கிறது என்ற செய்தி வந்தபோது, தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்த சாதாரண ரசிகர்கள்தான் முதலில் கலங்கினார்கள். சட்டத் திருத்தம் வரவில்லை. உரிமையாளர்கள் கண்டும் காணாமல் இருக்கும் பழைய ஏற்பாடே தொடர்கிறது. தம் படத்தொகுப்புகளைக் காமிக்கெட்டில் விற்கும் காஸ்பிளேயர்களும், விளம்பர ஒப்பந்தங்களில் வாழும் தொழில்முறையாளர்களும் பெருகிவரும் நிலையில், இந்த ஏற்பாடு அவர்களுக்கு எவ்வளவு காலம் போதுமானதாக இருக்கும் என்பது தெரியாது. எந்த விதி எழுதப்பட்டாலும் அது சம்பாதிப்பவரையும், சம்பளத்தில் மிச்சம்பிடித்துத் துணி வாங்கி ஆண்டுக்கு இரண்டு உடை தைப்பவரையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும்; அதை எழுதும் மேசையில், மேடையேறிப் புகழ்பெற்றவர்களோடு அந்த இரண்டாமவரும் உட்கார வேண்டும்.